திங்கட்கிழமை கோயில் மூடியிருக்கும்

அவர்கள் வருவதற்கு மூன்று வாரம் முன்பே
ஃப்ரிட்ஜ் கதவில் தாளை ஒட்டிவிட்டேன்.
ஒரே ஒரு காந்தம் மேல்மூலையைப் பிடித்திருக்க
மற்ற மூன்றும் ஃபேன் காற்றில் ஆடின.

ஞாயிறு: வடக்கே, கடல்மேல் வளைந்து போகும் பாலம்.
நடக்கக் கால்மணி, படம் எடுக்க முக்கால்மணி.
திங்கள்: நான் தியன் புத்தர் கோயில்.
அடித்துவிட்டேன். திங்களன்று பூட்டு.
செவ்வாய்: கியாமா.
பாறைத் துளைக்குள் புகுந்து கடல் சீறியெழும் இடம்.
'அலை தென்கிழக்கிலிருந்து வர வேண்டும்' என்று
பக்கத்தில் எழுதிவைத்தேன்,
எழுதினால் வந்துவிடும் என்பதுபோல.
புதன்: ரயிலில் சிட்னி.
வியாழன்: மீதி.

வொல்லொங்காங்குக்கு வந்து ஒன்பது வருடம்.
இரண்டு கலங்கரை விளக்கம் உண்டு இங்கே.
எது இப்போது எரிகிறது என்று
யாராவது கேட்டால் முழிப்பேன்.
ஆஸ்பத்திரி, வீடு, ஆஸ்பத்திரி.
விருந்தாளி வந்தால்தான்
குடியிருக்கும் ஊருக்கும் வரைபடம் தேட வேண்டியிருக்கிறது.

லாசர் அண்ணன் தூத்துக்குடித் துறைமுகத்தில்
கிரேன் ஓட்டுகிறவன்.
ஜெனோவா மதினி மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த மக்ரூன்
இரண்டு விமானம் மாறியதில் பொடிந்துபோக,
ஸ்பூன் போட்டுச் சாப்பிட்டோம்.
பெனிட்டா தாளை மேலும் கீழும் படித்துவிட்டு
"கங்காரு எந்தக் கிழமை அத்தை?" என்றாள்.
ஓரத்தில் சேர்த்தேன், கிழமை போடாமல்.

பாலத்தில் எடுத்த படங்களில் எல்லாம்
அண்ணனின் முதுகு மட்டும் இருக்கிறது.
கைப்பிடியில் குனிந்து
தூணை எவ்வளவு ஆழம் இறக்கியிருப்பான் என்று
தண்ணீரிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

செவ்வாய். கியாமாவில் கடல்
தெப்பக்குளம்போல் கிடந்தது.
கேமராவை உயர்த்தியபடி இருபது பேர்.
துளை ஒருமுறை தொண்டையைச் செருமியது,
பேசவில்லை.
"சுவிட்ச் எங்க இருக்கு?" என்றாள் பெனிட்டா.
கடலுக்காக நான் மன்னிப்புக் கேட்டேன்,
எல்லோரிடமும், தனித்தனியாக.

திரும்பும் வழியில் தப்பான பாதையில் வண்டியை விட்டேன்.
எஃகு ஆலைப் புகைபோக்கிகள். போர்ட் கெம்பளா.
"நிப்பாட்டு," என்றான் அண்ணன்.
தாளில் இல்லாத இடம்.

கம்பிவேலியில் விரல்களைக் கோத்து நின்றான்.
அந்தப் பக்கம் ஒரு கப்பல்;
யானைக் குட்டி அளவு இரும்புச் சுருள்
வடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.
"காத்து பக்கவாட்டுல அடிக்குது. இப்ப இறக்க மாட்டான்.
பாரு, நிக்கான்."
நின்றது.
"எண்ணு, புள்ள."
பெனிட்டா எண்ணினாள். பதினொன்றில்
சுருள் கீழே போய், சத்தமில்லாமல் உட்கார்ந்தது.
"நல்ல கை," என்றான்,
என் கல்யாணச் சாப்பாட்டைக்கூட
அவன் அப்படிச் சொன்னதில்லை.

எட்டாத உயரத்துக் கண்ணாடிக் கூண்டைப் பார்த்து
கையைத் தூக்கிக் காட்டினான்.
எங்கோ ஒரு ஹாரன் அடித்தது.
எதற்கோ அடித்திருப்பார்கள்.

ஒன்றே முக்கால் மணிநேரம்.
மதினி காரில் ஆரஞ்சு உரித்தாள்.
விளக்குக் கம்பத்தில் ஒரு கூழைக்கடா
பெனிட்டாவுக்காகவே வாயைத் திறந்து காட்டியது.
ஒன்பது வருடமாக இந்த வேலியைத் தாண்டும்போது
தூசிக்குப் பயந்து
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

சிட்னி, படத்தில் பார்த்தபடியே இருந்தது.

வியாழன் காலை இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தால்
'மீதி'க்கு எதிரே அண்ணனின் கோணல் எழுத்து:
துறைமுகம். ஆறு மணி. ஆள் மாறும் நேரம்.
செருப்பைக்கூடக் கழற்றவில்லை நான்,
சாவியைத் திரும்ப எடுத்தேன்.

அவர்கள் போய்ப் பத்து நாள்.
தாளைக் கிழிக்கப் போனபோதுதான் கவனித்தேன்,
கியாமாவுக்குக் கீழே பென்சிலில்:
அடுத்த தடவை
சுவிட்ச் போட்டு வைங்க அத்தை.
கங்காருவுக்குக் கிழமையும் போட்டிருந்தாள்,
எட்டாவதாக ஒன்று.